எழுதாத பக்கத்தில் நூற்று அறுபத்திரண்டு பேர்

தெற்குக் காலனி,
ஓடைக்காட்டுப்பாளையம்,
பிப்ரவரி 3

ஊராட்சிச் செயலராக இருந்த கிருபாசங்கர் சாருக்கு,

ஒன்றாம் வார்டு மெம்பராக இருந்த பழனியாத்தாள் எழுதுவது. இப்போது ஊராட்சியும் இல்லை, செயலரும் இல்லை, மெம்பரும் இல்லை. வேறு எப்படி எழுதி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லைங்க.

நலமா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. பதினாறு தடவை உங்களுக்குப் போன் செய்தேன். அப்புறம் மணி அடிப்பதே நின்றுபோச்சு. என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டீர்கள் என்று என் மகள் சொன்னாள். நல்லா இருக்குதுங்க சார் நியாயம். அதனால்தான் ரிஜிஸ்டர் தபால். உங்கள் வீட்டில் யாராவது கையெழுத்துப் போட்டு இதை வாங்கித்தான் ஆகவேண்டும்.

நம் ஊரை நகராட்சியோடு சேர்த்த பிறகு வருகிற முதல் தேர்தல் இது. நம்முடையது இப்போது இருபத்தேழாவது வார்டு. எஸ்.சி. பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நான் சுயேச்சையாக நிற்கிறேன், தையல் மெஷின் சின்னம். பிரசிடென்ட்டாக இருந்த சுப்பண்ணன், தன்னால் நிற்கமுடியாது என்று தெரிந்ததும், தன் கார் டிரைவரின் சம்சாரம் இனியாவை நிறுத்தியிருக்கிறார். அதுவும் எங்கள் காலனிப் பெண்தான். கும்பிடச் சொன்னால் கும்பிடுகிறது, நிற்கச் சொன்னால் நிற்கிறது. பாவம், அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

போன மாதம் வரைக்கும் நான்தான் ஜெயிப்பேன் என்று காலனியே சொன்னது. நூறு நாள் வேலைத் தளத்தில் பதினோரு வருஷம் பேர் எழுதியவள் நான். ஊரை நகராட்சியில் சேர்த்ததும் அந்த வேலை போச்சு. டவுனுக்கு அது கிடையாதாம். வயசுப் பெண்கள் சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லுக்கு வேனில் போகிறார்கள். அறுபது வயசு தாண்டின ராசம்மாளை எந்த மில் எடுக்கும்? அவளைப் போல நாற்பது பேர் இந்த வீதியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அதைக் கேட்கத்தான் நான் நிற்கிறேன்.

முந்தாநாள் காலையில் வாசலுக்கு வாசல் ஒரு நோட்டீஸ் கிடந்தது. நம் கிராம சபைத் தீர்மான நோட்டின் நகல். ‘நகராட்சியோடு இணைய இவ்வூர் மக்கள் முழுச் சம்மதம் தெரிவிக்கிறோம்’ என்று மேலே உங்கள் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. கீழே நூற்று அறுபத்திரண்டு பேர். முதல் கையெழுத்து என்னுடையது. அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, ‘நூறு நாள் வேலையை விற்றவர் இவர்தான்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். இணைப்பு வேண்டும் என்று ஆலாய்ப் பறந்தவர் சுப்பண்ணன். பழி எனக்கு.

எதிர்வீட்டுத் தெய்வாத்தாள் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏம்புள்ளே பழனியா, வரிசைல நிக்கவெச்சு எங்ககிட்ட கையெழுத்து வாங்குனது இதுக்குத்தானா?” என்றாள்.

சார், அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தபோதுதான் நாங்கள் கையெழுத்துப் போட்டோம். தீர்மானத்தை அப்புறம் எழுதியது நீங்கள். அந்த நோட்டில் எப்போதும் அப்படித்தானே செய்துகொண்டிருந்தோம்? அதை மட்டும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பத்தொன்பதாம் தேதி ஓட்டு. ஜெயிப்பது தோற்பது அப்புறம். எங்கள் வீதியில் நான் நிமிர்ந்து நடக்கவேண்டும்.

பழனியாத்தாள்


உடுமலைப்பேட்டை,
பிப்ரவரி 8

அன்புள்ள பழனியாத்தாள் அக்கா அவர்களுக்கு,

தங்கள் தபால் கிடைத்தது. என் மனைவி லோகப்பிரியா கையெழுத்திட்டு வாங்கினாள். யார் இந்த அம்மாள், எதற்கு ரிஜிஸ்டர் தபால் என்று இரண்டு நாள் கேள்வி. தயவுசெய்து இனிமேல் சாதாரணத் தபாலில் அனுப்புங்கள்.

போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. இன்று யார் பேச்சை யார் ரெக்கார்டு செய்து எந்த குரூப்பில் போடுகிறார்கள் என்றே தெரியவில்லை. உங்களைச் சொல்லவில்லை. காலம் அப்படி.

நீங்கள் கேட்பது சிறிய விஷயமாக உங்களுக்குத் தெரிகிறது. தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துகளை முன்னதாக வாங்கி, வாசகத்தைப் பின்னர் எழுதினேன் என்று நான் ஒப்புக்கொண்டால் அதற்குப் பெயர் ஆவண மோசடி. சஸ்பென்ஷன் மட்டுமல்ல, வேலையே போகும். இணைப்புக்குப் பிறகுதான் என்னை நகராட்சிப் பணியில் எடுத்தார்கள். அதுவரை நான் வாங்கியது என்ன சம்பளம், செய்தது யார் யார் வேலை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். குழாய் உடைந்தால் நான், பிணம் எடுக்க வழி மறித்தால் நான், தலைவர் வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் போட்டாலும் நான். மகள் வர்ஷினி இந்த வருடம் பத்தாம் வகுப்பு. எங்களுக்கு இப்போதுதான் மூச்சு வந்திருக்கிறது.

இன்னொன்று. நம் தீர்மானம் இல்லாவிட்டாலும் இணைப்பு வந்தே இருக்கும். மேலே முடிவு செய்துவிட்டுத்தான் கீழே சம்மதம் கேட்டார்கள். நீங்களோ நானோ நினைத்தால் தடுத்திருக்க முடியாது. இதை மக்களிடம் எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதவேண்டியிருக்கிறது. அந்தப் பதிவேட்டை விசாரணைக்கு எடுத்தால் என் எழுத்தை மட்டும் பார்க்கமாட்டார்கள். கைநாட்டுகளையும் பார்ப்பார்கள். அதில் இருபத்தேழு கைநாட்டு ஒரே கட்டைவிரல். ராசம்மாள் அன்றைக்கு மகளின் பிரசவத்துக்காகக் கோவையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் பெயருக்கு நேராகவும் கைநாட்டு இருக்கிறது. யாருடைய விரல் என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். நான் இதுவரை வாய் திறக்கவில்லை. திறக்கவும் போவதில்லை. நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிருபாசங்கர்


ஓடைக்காட்டுப்பாளையம்,
பிப்ரவரி 11

கிருபாசங்கர் சாருக்கு,

இதுவும் ரிஜிஸ்டர் தபால்தான். உங்கள் ஊட்டுக்கார அம்மணியிடம் நான் யார் என்று சொல்லிவிடுங்கள். சொல்ல உங்களுக்கு வாய் வராது என்றால் இந்தக் கடிதத்தையே படிக்கக் கொடுங்கள்.

அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள். பதினோரு வருஷம் ஒரே ஆபீசில் நீங்கள் நாற்காலியிலும் நான் வாசற்படி ஓரத்திலும் இருந்தோம். என்னைவிட எட்டு வயசு இளையவர் நீங்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த வார்த்தை உங்கள் வாயில் வந்ததுண்டா? “ஏ பழனியாத்தா, அந்த நோட்டெடு.” அதுதானே? இப்போது என் வாயை அடைக்கவேண்டும் என்றதும் அக்கா ஆகிவிட்டேன். அட போங்க சார், வயிறு எரிகிறது. பழையபடி பேர் சொல்லியே எழுதுங்கள், அதில் பொய்யாவது இல்லை.

கைநாட்டு விஷயத்துக்கு வருகிறேன். மிரட்டுகிறீர்கள். வாய் திறக்கமாட்டேன் என்று எழுதி மிரட்டுவது உங்களைப் போல எழுதப் படித்தவர்களுக்குத்தான் வரும்.

ஆமாம், அந்த இருபத்தேழும் என் விரல்தான். மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நடந்தது உங்களுக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். காந்தி ஜெயந்தி அன்று கிராம சபைக்கு வந்தது பத்தொன்பது பேர். ஆள் போதாது என்று மறுநாள் நீங்கள் நோட்டோடு நூறு நாள் வேலை நடந்த குளத்துக்கு வந்தீர்கள். வருஷத்துக்கு நாலு தடவை நடக்கிற கூத்துதானே அது. நான் கேட்டேன்.

“ஏனுங்க சார், மேல ஒண்ணுமே எழுதலீங்களே?”

“எழுதிக்கலாம் பழனியாத்தா. எப்பவும் போலத்தான், ரோடு, லைட்டு, தண்ணி. வேற என்னத்த எழுதப் போறோம்?”

நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போட்டார்கள். அப்புறம் நீங்கள் சொன்னது இது: “வராதவங்க பேரு விட்டுப்போச்சுன்னா அடுத்த வாரம் அவங்களுக்கு வேலை இல்லைன்னு பிரசிடென்ட் சொல்லிப்போட்டாரு. நீயே பாத்துக்க.” சொல்லிவிட்டு மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினீர்கள். காய்ச்சலில் கிடந்தவள், கண் ஆப்பரேஷனுக்குப் போனவள், ஆஸ்பத்திரியில் இருந்த ராசம்மா, இவர்கள் வேலை போய்விடக்கூடாதே என்று வைத்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் செய்தேன் சார். கைநாட்டு வைக்கும்போது நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி பீடி பற்றவைத்தீர்கள். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் செய்தது தப்பு. அந்தத் தப்பினால் அவர்களுடைய வேலை முழுசாகவே போச்சு. அதை நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

இணைப்பு எப்படியும் வந்திருக்கும் என்கிறீர்கள். வரட்டும். அது அவர்கள் செய்ததாக இருந்திருக்கும். இப்போது நாங்கள் கேட்டு வாங்கியதாக அல்லவா எழுதி வைத்திருக்கிறீர்கள்?

நான் கேட்டதையே திரும்பக் கேட்கிறேன். உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது.

பழனியாத்தாள்


உடுமலைப்பேட்டை,
பிப்ரவரி 14

பழனியாத்தாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை லோகப்பிரியா படித்துவிட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தட்டை வைத்தாள், சோறு போட்டாள், எழுந்து போய்விட்டாள். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

உங்களுக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாசகத்தை நான் ஆபீசில் எழுதவில்லை. அன்று மத்தியானம் சுப்பண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பைபாஸ் ஓரத்தில் அவருக்குப் பதினோரு ஏக்கர் இருக்கிறது. நகராட்சிக்குள் வந்தால் அது வீட்டு சைட்டு ஆகி விலை ஏறும். “ஏனப்பா, உனக்கும் கெவருமெண்டு வேலை ஆயிப்போகுதல்ல, அப்பறம் எதுக்கு மூஞ்சிய அப்படி வெச்சிருக்கறே?” என்றார். நான் மறுக்கவில்லை. மறுக்கும் ஆளாக நான் எப்போதும் இருந்ததில்லை. அது என் மனைவிக்கும் தெரியும்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டபடியே நடந்ததை டைப் செய்திருக்கிறேன். கையெழுத்துகள் முதலில் வாங்கப்பட்டன, வாசகம் பின்னர் எழுதப்பட்டது, உறுப்பினர் பழனியாத்தாளுக்கு அது தெரியாது என்று தெளிவாக இருக்கிறது. கைநாட்டுகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உங்களைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் அதை விட்டிருக்கிறேன். தாளில் என் பெயரோ கையெழுத்தோ இல்லை. விவரம் தெரிந்த ஒருவர் எழுதி அனுப்பினார் என்று சொல்லி நகல் எடுத்து வீடு வீடாகக் கொடுங்கள். மக்கள் நம்புவார்கள். நாம் இருவருமே தப்பிக்கலாம்.

இதற்கு மேல் என்னால் முடியாது. உண்மையாகவே முடியாது.

கிருபாசங்கர்


உடுமலைப்பேட்டை,
பிப்ரவரி 20

பழனியாத்தாள் அவர்களுக்கு,

நேற்று ஓட்டுப்பதிவு முடிந்ததும் ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தார். தண்ணித் தொட்டி அடியில் எல்லாரையும் கூட்டி வைத்து, கைநாட்டு விஷயத்தை நீங்களே சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஏன் இப்படிச் செய்தீர்கள்? யாரும் கேட்கவில்லையே! நான்தான் வாய் திறக்கமாட்டேன் என்றேனே!

அந்த டைப் செய்த தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். என் கடிதங்களையும். உடனே பதில் எழுதுங்கள்.

கிருபாசங்கர்


ஓடைக்காட்டுப்பாளையம்,
பிப்ரவரி 25

கிருபாசங்கர் அவர்களுக்கு,

உடனே எழுதச் சொன்னீர்கள். ஓட்டு எண்ணி முடியட்டும் என்று ஐந்து நாள் பொறுத்தேன்.

இனியா ஜெயித்துவிட்டாள். ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. எனக்கு எழுபத்து நாலு. வெற்றி ஊர்வலம் எங்கள் வீதி வழியாகத்தான் போனது. ஜீப்பில் முன்சீட்டில் சுப்பண்ணன் மாலையோடு உட்கார்ந்திருந்தார். ஜெயித்தவள் பின்சீட்டில் இருந்தாள். என் வாசலைத் தாண்டும்போது அவள் கும்பிட்டாள். யாரும் சொல்லாமல் அவள் கும்பிட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். நானும் கும்பிட்டேன்.

உங்கள் தாளை நான் யாருக்கும் காட்டவில்லை. வந்த அன்று நாலு தடவை படித்தேன். அழகாகத்தான் எழுதியிருந்தீர்கள், ஒரு பிழை இல்லை. அன்றைக்கு எழுத்தே இல்லாத பக்கத்தில் எங்களிடம் கையெழுத்து வாங்கினீர்கள். இன்றைக்குக் கையெழுத்தே இல்லாத தாளில் எழுத்தை அனுப்புகிறீர்கள். இதை வீடு வீடாகக் கொடுத்திருந்தால் நான் ஜெயித்திருக்கலாம். ஆனால் நீங்கள் விட்டுவிட்ட அந்த ஒரு வரிக்குள்தானே நான் இருந்தேன்? அதைக் கொடுத்துவிட்டு ராசம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்?

அதனால் பதினாறாம் தேதி சாயங்காலம் தண்ணித் தொட்டி அடியில் எல்லாரையும் வரச் சொன்னேன். பிரச்சாரம் என்று நினைத்து வந்தார்கள். நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொடுத்தவள் நான். வராத இருபத்தேழு பேருக்கு விரல் வைத்தவளும் நான். பேரையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்தேன். கடைசிப் பேர் வரைக்கும் நிறுத்தாமல் வாசித்தேன்.

ராசம்மா மட்டும் சேலைத் தலைப்பைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எனக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி இருந்தவள். என் மகள் பெரியவளானபோது தலைக்கு முதல் தண்ணி ஊற்றியவள்.

“என்ர கைநாட்டத்தான் அன்னைக்கு நீயே வெச்சுக்கிட்டியே பழனியா. ஓட்டக் கேக்க மட்டும் எதுக்கு என்ர ஊட்டு வாசலுக்கு வந்தே? அதையும் நீயே போட்டுக்க வேண்டீதுதானே?”

“உன்ர வேலை போயிருமேன்னுதான்க்கா வெச்சேன்.”

“கேட்டயா? ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டு, ‘வெக்கட்டுமா’ன்னு கேட்டயா? உனக்குப் போன் இல்லையா, எனக்குக் காது இல்லையா?”

நீங்கள் எங்களைக் கேட்கவில்லை என்று உங்கள்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தது! நானும் அவளைக் கேட்கவில்லைதானே. மெம்பர் என்று ஆனதும் எனக்கும் அந்தப் புத்தி வந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். உங்களைத் திட்டி எழுதிய இரண்டு கடிதத்திலும் நான் அதை எழுதவில்லை பாருங்கள்.

சொல்லாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பாய் என்று என் மகள் இன்னும் என்னோடு பேசவில்லை. இருக்கலாம். ஜெயித்து நகராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன். சுப்பண்ணன் ஒரு நாள் அந்த இருபத்தேழு கைநாட்டை எடுத்து என் முன்னால் வைத்திருப்பார். அப்புறம் நானும் அவர் சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்திருப்பேன். இனியாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இப்போது நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். பழிவாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். கலெக்டருக்கு மனு எழுதியிருக்கிறேன். நீங்கள் வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்கியது, சுப்பண்ணன் மேசையில் தீர்மானம் எழுதியது, நான் கைநாட்டு வைத்தது, மூன்றும் அதில் இருக்கிறது. மூன்று பேருடைய பேரும் இருக்கிறது. உங்கள் கடிதங்களை இணைத்திருக்கிறேன். கிழிக்கச் சொன்னீர்கள், கிழிக்கவில்லை. நூறு நாள் வேலை இதனால் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஊர் கேட்டு வாங்கியது என்கிற அந்த வரி பொய் என்று எங்காவது ஒரு இடத்தில் பதிவாகட்டும். வர்ஷினி அம்மணியை நினைத்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவள் நன்றாகப் படிக்கட்டும்.

மனுவில் கையெழுத்து வாங்க நேற்று வீடு வீடாகப் போனேன். முதல் வீடு ராசம்மா வீடு. என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. “படி” என்றாள். படித்தேன். “மறுக்காப் படி” என்றாள். படித்தேன். மூன்றாவது தடவை, ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி அர்த்தம் கேட்டாள். மைப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் வைத்தேன். அவள் விரலை நீட்டவில்லை.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

மற்ற வீடுகளிலும் அதுவேதான் நடந்தது. எல்லாரும் படிக்கச் சொன்னார்கள், எல்லாரும் யோசிக்கிறேன் என்றார்கள். தொண்டை கட்டிப்போச்சு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். எட்டு மணி பஸ்சில் கலெக்டர் ஆபீஸ் போகிறேன். நூற்று அறுபத்திரண்டு பேருக்கு இடம் விட்டுத்தான் மனுவை எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு அதில் என் கையெழுத்து மட்டும் இருக்கிறது.

பழனியாத்தாள்